ஆலங்கட்டிக்கு ஆள் தேடிய காலம்

1562-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் தேதி, வயல்களில் அறுவடை முற்றுப்பெறாமலும் மலைச்சரிவுகளில் திராட்சைக் குலைகள் இன்னும் பழுக்காமலும் இருந்த சமயத்தில், தென்மேற்கு ஜெர்மனியின்மீது திடீரென்று எழுந்த ஒரு புயல், சில மணி நேரத்துக்குள் கூரைகளைப் பிய்த்து, சாளரக் கண்ணாடிகளை நொறுக்கி, மரங்களை மொட்டையாக்கி, ஒரு வருஷத்துக் கதிரையும் கொடியையும் ஆலங்கட்டியால் அடித்துத் தரையோடு தரையாக்கிவிட்டுப் போயிற்று. புயல் ஓய்ந்ததும் 'இதைச் செய்தது யார்?' என்ற கேள்வி பிறந்தது. ஓரிரு நாள் நடைத் தூரத்துக்குள் அடங்கிய மூன்று ஊர்கள் இந்த ஒரே கேள்விக்கு மூன்று விதமாக விடையளித்தன என்பதே, சீதோஷ்ண நிலைக்கும் சூனிய வேட்டைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராயப் புகுவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தியாகும்.

வீசன்ஸ்டைக் என்ற சிற்றூரை ஆண்ட உல்ரிக் வான் ஹெல்ஃபன்ஸ்டைன் பிரபு, சில பெண்களைப் பிடித்து அடைத்துச் சித்திரவதை செய்ய, அவர்கள் தாங்களே ஆலங்கட்டியை வரவழைத்ததாக ஒப்புக்கொண்டு வேறு சிலரின் பெயர்களையும் சொல்ல, அவர்கள் இன்னும் சிலரைச் சொல்ல, இவ்விதமாக அச்சிறு பிரதேசத்தில் 63 பெண்கள் மாண்டனர் என்று மறு வருஷமே ஒரு துண்டுப் பிரசுரம் அச்சாகி ஊர் ஊராக விற்கப்பட்டது. எஸ்லிங்கன் நகரத்திலோ, தாமஸ் நவோகியோர்கஸ் என்ற பிரசங்கி சூனியக்காரிகளைத் தண்டிக்க வேண்டும் என்று மேடையேறி முழங்கியும், நகர சபையார் மூன்று பெண்களைப் பிடித்து வாட்டி விசாரித்த பின்னர் விடுதலை செய்துவிட்டார்கள். அதற்குச் சற்றுத் தொலைவிலிருந்த ஸ்டுட்கார்ட்டில், மத்தேயு ஆல்பர், வில்ஹெல்ம் பிடம்பாக் என்ற இரு சமய போதகர்கள், ஆலங்கட்டியை அனுப்புகிறவர் ஆண்டவர் ஒருவரேயன்றிக் கிழவிகள் அல்லர், அது நம் பாவத்துக்கு வந்த எச்சரிக்கை என்று பிரசங்கம் செய்து, அந்தப் பிரசங்கங்களை அதே ஆண்டில் அச்சிலும் வெளியிட்டார்கள். பொழிந்த பனிக்கட்டி ஒன்றே. பயிரிழந்த குடியானவனின் துயரமும் ஒன்றே. ஓரிடத்தில் 63 பிணங்கள். மற்றோரிடத்தில் ஒரு பிரசங்கப் புத்தகம்.

கடந்த சில பத்தாண்டுகளில் வோல்ஃப்காங் பேரிங்கர் முதலிய சரித்திராசிரியர்கள், ஐரோப்பாவில் சூனிய வேட்டை உச்சத்தில் இருந்த காலமும், 'சிறு பனியுகம்' எனப்படும் குளிர்க் காலத்தின் மிகக் கொடிய பகுதியும் ஏறத்தாழ ஒன்றுபடுவதை எடுத்துக்காட்டி, இரண்டுக்கும் காரணகாரிய சம்பந்தம் உண்டு என்று வாதிட்டிருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டு முடிய ஐரோப்பாவில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என்றும், அவர்களுள் முக்கால் பங்குக்குக் குறையாதவர்கள் பெண்கள் என்றும் இன்று கணக்கிடுகிறார்கள். அந்தத் தொகையில் பெரும்பகுதி 1560-க்கும் 1630-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. அதே காலத்தில் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கிக் குடியிருப்புகளை நெருங்கின. 1573-இல் போடன் ஏரி, மக்கள் அதன்மேல் நடந்து அக்கரை சேரும் அளவுக்கு உறைந்தது. 1600-இல் தென் அமெரிக்காவின் ஹுவாய்னபுடீனா எரிமலை கக்கிய தூசி, மறு வருஷத்துக் கோடையையே கோடையல்லாததாக்கிற்று.

சராசரி வெப்பம் இறங்கியது ஒரு பாகைக்கும் குறைவுதான் என்று கேட்கும்போது, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றக்கூடும். அக்காலத்துக் குடியானவனின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் நீங்கிவிடும். மத்திய ஐரோப்பாவில் ஒரு படி தானியம் விதைத்தால் நான்கு படி, மிஞ்சினால் ஐந்து படி கண்டது அந்நாளைய விளைச்சல். நான்கு படி என்றே வைத்துக்கொள்வோம்: மறு வருஷத்து விதைக்கு ஒரு படி, கோயிலுக்குப் பத்தில் ஒரு பங்கு, ஆக அவன் வீட்டுக்கு மிஞ்சுவது இரண்டரைப் படிக்குச் சற்று அதிகம். மழை ஓயாத ஒரு கோடையில் விளைச்சல் பாதியாகிவிட்டால், கோயிலுக்குரிய பங்கு குறையும், விதைக்குரிய பங்கு குறையாது. வீட்டுக்கு மிஞ்சுவது முக்கால் படிக்கு மேல் கொஞ்சந்தான். விளைச்சல் பாதியானால் உணவு மூன்றில் ஒரு பங்காகிறது. பிரபுவுக்குச் செலுத்தவேண்டிய குத்தகையை இன்னும் இதில் கழிக்கவில்லை. இப்படிப்பட்ட வருஷங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது விதைத் தானியத்தையே தின்று தீர்த்தவன், மறு வருஷம் வெயில் நன்றாகக் காய்ந்தாலும் விதைக்க ஒன்றுமில்லாமல் நின்றான். மாடு மெலிந்தது, பால் வற்றியது, குழந்தை இறந்தது. இவற்றில் ஒவ்வொன்றும் சூனியக்காரியின் வேலையென்று பழங்காலந்தொட்டு ஜனங்கள் சந்தேகித்து வந்தவையே.

ஆனால் அந்தச் சந்தேகத்தைப் பண்டைத் திருச்சபை அங்கீகரிக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் விஷயம் விளங்காது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் நகரத்தின் பேராயராக இருந்த அகோபார்ட், ஆலங்கட்டியையும் இடியையும் பற்றி எழுதிய ஒரு நூலில், புயலை வரவழைக்க மந்திரவாதிகளால் முடியும் என்றும், 'மகோனியா' என்ற தேசத்திலிருந்து மேகங்களினூடே கப்பல்கள் வந்து, உதிர்ந்த தானியத்தை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கிப் போகின்றன என்றும் தம் நாட்டார் நம்புவதைக் கண்டித்திருக்கிறார். அந்தக் கப்பல்களிலிருந்து தவறி விழுந்தவர்கள் என்று மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் கட்டிவைத்துக் கல்லெறிந்து கொல்லப் பார்த்த கூட்டத்தை அவர் நியாயம் பேசித் தடுத்தார். ஆகவே பயிர் அழிந்தால் ஆள் தேடும் பழக்கம் பாமரர்களுக்கு எப்போதும் இருந்தது. அதைத் தடுத்து நிறுத்தும் கடமையைப் படித்தவர்கள் ஒரு காலத்தில் தம்முடையதாகக் கொண்டிருந்தார்கள்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த நிலை தலைகீழாயிற்று. 1484-இல் போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட் விடுத்த சாசனம், சூனியம் வயலின் விளைச்சலையும் திராட்சைக் கொடியையும் அழிக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி, ராவன்ஸ்பர்க் நகரில் ஆலங்கட்டியை ஏவினார்கள் என்று இரண்டு பெண்களைத் தீக்கு இரையாக்கி, பின்னர் அந்த அனுபவத்தையும் சேர்த்துச் 'சூனியக்காரிகளின் சம்மட்டி' என்று பொருள்படும் தம் லத்தீன் நூலை எழுதி முடித்தார். 1489-இல் உல்ரிக் மோலிடோர் என்ற நியாய சாஸ்திரி எழுதிய நூலில் மரத்தில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம் இருக்கிறது: இரண்டு பெண்கள் கொழுந்துவிட்டெரியும் அடுப்பின்மேல் வைத்த பானைக்குள் ஒரு பாம்பையும் ஒரு சேவலையும் போடுகிறார்கள், மேலே மேகத்திலிருந்து ஆலங்கட்டி கொட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், பெண்களுக்கு அப்படிப்பட்ட சக்தி இல்லை, அது பிசாசு காட்டும் மயக்கம் என்பதே மோலிடோரின் கட்சி. நூலைப் படித்தவர்கள் சிலர்; படத்தைப் பார்த்தவர்கள் பலர்.

சித்தாந்தம் இவ்வாறு முதலில் உருவாகி, பெருங்குளிர் அதற்குப் பின்னரே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. கிராமரின் நூல் 1520-க்குப் பிறகு அரை நூற்றாண்டு மறுபதிப்புக் காணாமல் கிடந்து, 1570-களின் தொடக்கத்தில் நேர்ந்த பெரும் பஞ்சத்தை அடுத்து, 1574 முதல் மீண்டும் அச்சேறத் தொடங்கிற்று. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவோரும் உண்டு. எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியதாகத் தோன்றவில்லை. பசியில்லாத காலத்தில் விலைபோகாத சரக்கு பஞ்சகாலத்தில் விலைபோயிற்று என்றே நினைக்கிறேன்.

ஜெர்மனியின் ட்ரீயர் பேராயத்தின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். அந்நகரத்துக் குருமாருள் ஒருவரான யோஹான் லிண்டன் தம் காலத்து வரலாற்றை எழுதும்போது, 1581 முதல் 1599 வரையிலான பத்தொன்பது வருஷங்களில் விளைச்சல் கண்டவை இரண்டே என்றும், இந்த நீண்ட விளைவின்மைக்குக் காரணம் பிசாசின் தூண்டுதலால் சூனியக்காரிகள் செய்த வஞ்சனையே என்று எல்லாரும் நம்பியதால் நாடு முழுவதும் அவர்களை அழிக்க எழுந்தது என்றும் குறித்திருக்கிறார். இந்த 'நாடு முழுவதும்' என்ற சொல்லில் மிகையில்லை. மேலிடத்திலிருந்து கட்டளை வருமென்று காத்திராமல், கிராமத்தார் தாமே குழுக்கள் அமைத்து, சாட்சி திரட்டி, செலவுக்குப் பணம் கூட்டி, நியாயாதிபதிகளின் வாசலில் போய் நின்றார்கள். 1587-க்கும் 1593-க்கும் இடையில், நகரைச் சுற்றியிருந்த 22 கிராமங்களில் 368 பேர் எரிக்கப்பட்டார்கள். தயங்கி நின்ற நியாயாதிபதியாகிய டீட்ரிக் ஃபிளாடே, பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்த செல்வர், தாமே குற்றவாளியாக்கப்பட்டு 1589-இல் மாண்டார்.

லிண்டன் எழுதியவற்றுள் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது மரணக் கணக்கன்று. அதையடுத்து வரும் பணக் கணக்கு. கொலைத்தொழிலாளி பிரபுக்களைப்போல் உயர்ந்த குதிரையேறிப் பொன்னும் வெள்ளியும் இழைத்த உடையில் உலாவினான், அவன் மனைவி சீமாட்டிகளோடு ஆடையலங்காரத்தில் போட்டியிட்டாள், பத்திரம் எழுதுவோரும் சத்திரக்காரர்களும் கொழுத்தார்கள், உழவனும் திராட்சை பயிரிடுவோனும் ஓட்டாண்டிகளானார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போய், இறுதியில் செலவுக்குப் பணமில்லாமற் போனதால் வேட்டை தணிந்தது என்கிறார். பஞ்சம் மூட்டிய நெருப்பு வறுமையினாலேயே அணைந்தது போலும்.

கடலோரத்திலும் இதே போக்குத்தான், வடிவம் மட்டும் வேறு. 1589-இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கு மணமகளாக டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட ஆன் இளவரசியின் கப்பல்கள் புயலில் அடிபட்டு நார்வேக் கரையில் ஒதுங்கின. கப்பல்களைச் சரியாகப் பழுதுபார்த்து அனுப்பவில்லை என்ற பழி டென்மார்க்கின் நிதியமைச்சர் வால்கெண்டார்ஃபின்மேல் விழ, அது விரைவிலேயே கோபன்ஹேகன் நகரத்துப் பெண்கள் சிலர் தலைக்கு மாறியது. மன்னர் அவளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பியபின் வடக்கு பெரிக் வழக்குகளில் தாமே உட்கார்ந்து ஸ்காட்லாந்துப் பெண்களை விசாரித்தார். பழி ஏற்க வேண்டிய உத்தியோகஸ்தருக்கு அந்தப் புயற்காரிகள் எத்தனை சௌகரியமாக வந்து வாய்த்தார்கள்!

இனி, சீதோஷ்ணவாதிகள் தங்கள் பக்கத்தில் மிகப் பலமான சான்றாகக் காட்டும், ஜெர்மனியின் ஃபிராங்கோனியாவுக்கு வருவோம். 1626-ஆம் ஆண்டு மே மாதக் கடைசி வாரத்தில், கொடிகள் துளிர்த்துத் தானியக் கதிர்கள் தலைகாட்டிய பின்னர், வசந்தம் முடியும் தறுவாயில், சில இரவுகள் அடுத்தடுத்து உறைபனி விழுந்தது. பாம்பெர்க், வூர்ட்ஸ்பர்க் என்ற இரு மேற்றிராணியார் ராஜ்யங்களிலும் திராட்சைத் தோட்டங்கள் அனைத்தும் கருகின, கதிர்களும் போயின. அங்கே திராட்சையென்பது வெறும் பயிரன்று. குடியானவனுக்குக் கைப்பணம், நகரத்துக்கு வாணிகம், மேற்றிராணியாரின் பொக்கிஷத்துக்கு வரி. விலைவாசி ஏறியது, உறைபனியை உண்டாக்கியவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிக்கவேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது, பாம்பெர்க் எல்லையிலிருந்த ட்சைல் என்ற சிற்றூரில் முதற்கட்ட வழக்குகள் தொடங்கின. மறு வருஷம் மேற்றிராணியார் யோஹான் கியோர்க் ஃபுக்ஸ் வான் டோர்ன்ஹைம், சந்தேகத்துக்குரியவர்களை அடைப்பதற்கென்றே ஒரு சிறைச்சாலையைக் கட்டுவித்தார். அவ்வேட்டையில் பாம்பெர்க்கில் சுமார் 600 பேரும், வூர்ட்ஸ்பர்க்கில் அதனினும் அதிகமானோரும் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு.

உறைபனியால் தொடங்கிய வேட்டை உறைபனியோடு நிற்கவில்லை என்பதற்குப் பாம்பெர்க் நகர மேயர் யோஹானஸ் யூனியுஸின் கதி சாட்சி. விரல்களை நசுக்கும் கருவியால் கை சிதைந்த நிலையில், 1628 ஜூலை 24-ஆம் தேதி அவர் தம் மகள் வெரோனிகாவுக்கு எழுதிச் சிறையிலிருந்து ரகசியமாக அனுப்பிய கடிதம் இன்றும் இருக்கிறது. தம்மை வதைத்தவனே, எதையாவது கற்பித்துச் சொல்லிவிடுங்கள், இல்லையேல் இது முடியாது என்று தம்மிடம் கெஞ்சியதாக அதில் அவர் எழுதுகிறார். இந்த இடத்துக்கு வந்த பிறகு வானிலைக்கு வேலையில்லை. இயந்திரம் தன்னைத்தானே ஓட்டிக்கொள்கிறது. கிழவிகளில் தொடங்கி மேயர்கள் வரையில் ஏறிய அந்த வேட்டையை, பேரரசரின் உயர் நீதிமன்றம் விடுத்த ஆணைகளும், அவற்றைத் தொடர்ந்து வந்த சுவீடன் நாட்டுப் படையுமே நிறுத்தின.

ஆக்ஷேபணைகளுக்கு இனி இடம் கொடுக்க வேண்டும். 2004-இல் எமிலி ஆஸ்டர் என்ற பொருளியல் அறிஞர், குளிர் மிகுந்த பத்தாண்டுகளில் சூனிய வழக்குகளும் மிகுந்தன என்று புள்ளிவிவரத்தால் காட்ட முயன்றார். 2018-இல் பீட்டர் லீசன், ஜேகப் ரஸ் என்ற இருவர், 21 நாடுகளில் விசாரிக்கப்பட்ட 43,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டி, வழக்குகளின் ஏற்ற இறக்கத்தோடு பொருந்தி வருவது வானிலையன்று, கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் ஆங்காங்கே நிலவிய போட்டியே என்றும், மக்களைத் தம் பக்கம் இழுக்க இரு சாராரும் பிசாசிடமிருந்து காப்பாற்றுகிறவர்களாகத் தம்மைக் காட்டிக்கொண்டார்கள் என்றும் வாதிட்டார்கள். காலக்கணக்கும் சீதோஷ்ணவாதிகளுக்கு முழுவதும் அனுகூலமாயில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு, அந்தக் குளிர் யுகத்திலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. 1693–94-இல் பிரான்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பஞ்சத்திலும் அதையொட்டிய நோயிலும் இறந்தார்கள். 1696–97-இல் பின்லாந்தின் ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் அழிந்தது. ஆயினும் பாம்பெர்க்கைப்போன்ற வேட்டை எதுவும் அப்போது நிகழவில்லை.

பிரான்சில் ஏன் நிகழவில்லை என்பதற்கு விடை கிடைக்கிறது. சூனிய வழக்கில் கீழ்க்கோர்ட்டு விதித்த தண்டனை, பாரிஸிலிருந்த உயர் நியாயஸ்தலத்தின் பார்வைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று 1624-இலேயே அந்த நியாயஸ்தலம் தன் எல்லைக்குள் விதித்திருந்தது; 1682-இல் பதினான்காம் லூயி மன்னரின் சாசனம் சூனியத்தை ஏமாற்று வித்தை என்ற அளவுக்கு இறக்கிவிட்டது. பயிரிழந்த ஊரார் கூச்சலிட்டிருக்கலாம். நூறு காதத்துக்கு அப்பால், அந்த ஊரின் ஆலங்கட்டியில் நனையாத நியாயாதிபதிகள் சாட்சியம் எங்கே என்று கேட்டார்கள். மறுபுறத்தில், வேட்டை மிகக் கோரமாக நடந்த இடங்களைப் பார்த்தால், வீசன்ஸ்டைக் போன்ற சிறு பிரபுத்துவங்களும் மேற்றிராணியார் ராஜ்யங்களுமே பெரும்பாலும் தென்படுகின்றன. ஆள்பவரும் நியாயம் வழங்குபவரும் வரி இழந்தவரும் ஒருவரேயாக இருந்த அவ்விடங்களில், குடிகளின் பீதிக்கும் கொலைமேடைக்கும் இடையே தடுத்து நிற்க யாருமில்லை. ஜெர்மனியிலேயே ஹைடல்பெர்க்கைத் தலைநகராகக் கொண்ட பலாட்டினேட் ராஜ்யம், அண்டை நாடுகள் எரிந்துகொண்டிருந்தபோதும் சூனியத்துக்கென்று ஒருவரையும் கொல்லவில்லை; அதன் திராட்சைத் தோட்டங்களை மட்டும் பனி விட்டுவைத்ததா என்ன?

இவ்வளவும் சொன்ன பிறகும், லீசன் கட்சியாரின் முடிவை நான் முழுவதும் ஏற்பதற்கில்லை. வானிலையை அளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட கோல் பெரும்பரப்பின் வெப்பநிலைக் கணக்கு. ஒரு நாட்டின் வருஷச் சராசரி வெப்பத்தில், மே மாதத்துச் சில இரவுகளின் உறைபனி தெரியவே தெரியாது. ஆலங்கட்டியோ ஓர் ஊரை அழித்து அடுத்த ஊரைத் தொடாமல் போகும் இயல்புடையது. 1626-இன் கொடுமை அந்த வருஷத்தின் சராசரியில் இல்லை. துளிர்த்த பிறகு உறைந்தது என்ற காலப் பொருத்தத்தில் இருக்கிறது. ஆகையால் ஊர்வாரியாக வழக்குப் பதிவேடுகளையும், திராட்சை அறுவடைத் தேதிகளையும், தானிய விலைகளையும், கோயிற் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எந்தக் கணக்கும், இந்தச் சம்பந்தம் உண்டென்றோ இல்லையென்றோ தீர்மானமாகச் சொல்லத் தகுதியுடையதாகாது என்பது என் அபிப்பிராயம்.

அவ்விதமான ஊர்வாரிக் கணக்கு ஒன்று நம் காலத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் அன்று. தான்சானியாவின் மேயாட்டு மாவட்டத்துக் கிராமங்களில் எட்வர்ட் மிகேல் என்ற பொருளியல் அறிஞர் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மழை பொய்த்த வருஷங்களிலும் வெள்ளமாகப் பெய்த வருஷங்களிலும் 'சூனியக்காரி' என்று கொல்லப்படுவோரின் தொகை இரட்டித்ததாகவும், மற்றக் கொலைகள் அவ்வாறு கூடவில்லை என்றும் கண்டார். அங்கே சூனியத்துக்காக மரண தண்டனை விதிக்கும் நியாயஸ்தலம் கிடையாது, கிராமரின் நூலும் கிடையாது. கொலை கொலையாகவே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ட்ரீயரிலும் பாம்பெர்க்கிலும் கூட்டத்தின் கையிலிருந்து பழியை வாங்கித் தானே நிறைவேற்றிய அரசாங்கம், மேயாட்டுவில் எட்டாத தூரத்தில் இருந்தது. இரண்டிடத்திலும் முதலில் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஏழைப் பெண்கள், மேயாட்டுவில் அவர்களைக் கொன்றவர்களுள் பலர் அவர்களுடைய உறவினர்களே.